அண்ணன்மார் சேர்த்தியில்லை

வெள்ளைச் சேலை கட்டி, இடது தோளில் பித்தளை ஊசி குத்தி, விடியுமுன் இருட்டில் பல் தந்தியடிக்க நின்றோமே, அந்தப் பெண்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. இருபத்துநாலு, இருபத்தைந்து. ஆனால் போன மாதம் சங்கத்துச் சிறுமிகளுக்கு வழி சொல்லப் பழக்கித் தரும்படி என்னைக் கேட்டார்கள். முதல் நாளே ஒரு வாண்டு என்னை ‘ஆன்ட்டி’ என்றது. அந்த நிமிடத்தில் எனக்கு அறுபது வயதாகிவிட்டது. பழைய கதை சொல்லும் உரிமையும் கூடவே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் சங்கத்தை வெளி ஆட்களுக்கு விளக்குவதற்குள் தலை சுற்றிவிடும். போர்க்காலத்தில் மலாயாவில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஒரு விடுதலைப் படை கூடியது. அதில் பெண்களுக்கென்று ஒரு பிரிவு. ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளியையும் சீவுகத்தியையும் வைத்துவிட்டுப் போய்த் துப்பாக்கி தூக்கிய பெண்கள். அவர்களுடைய மகள், மகளின் மகள், அவளுடைய மகள் என்று தாய் வழியில் வந்தவள் மட்டுமே சங்கத்தில் சேரலாம். மகன் வழி வந்தால் கிடையாது. மருமகளாக வந்தாலும் கிடையாது. நாட்டுப்பற்றும் ஊர்த்தொண்டும் நம் கடமை. தொண்டு எளிது. ஓடையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னுவோம், உணவுப் பொட்டலம் கட்டுவோம். எந்த நாட்டின் மேல் பற்று என்பதுதான் சிக்கல். இங்கே ஆக்லாந்தில், தலைவியின் வெஸ்ட்கேட் வீட்டு கராஜில் மூன்று கொடிகள் இருந்தன. எதை நடுவில் வைப்பது என்று பெரியவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டார்கள். புதுப் பெயின்ட் வாசமும் நெய்ச்சோற்று வாசமும் கலந்த அந்த கராஜை மறந்திருக்கமாட்டீர்கள்.

வழி சொல்வதுதான் சங்கத்தின் உயிர். பன்னிரண்டு வயதாகப்போகும் பெண் முன்னால் நிற்பாள். அவள் தோளில் கை வைத்து அம்மா பின்னால் நிற்பாள். அம்மாவுக்குப் பின்னால், இறந்துபோன ஒவ்வொருத்திக்கும் ஓர் அடி இடம் விட்டு, கடைசியில் தலைவி நிற்பார். பெண் தன் பெயரில் தொடங்கி ஒவ்வொரு தாயின் பெயராகச் சொல்லிக்கொண்டே பின்னால் போவாள். படையில் நின்றவள் பெயர் வந்ததும் எல்லோரும் காலை ஒருமுறை தரையில் அடிப்பார்கள். வெறும் இடத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும் அது. எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

ஆண்கள் பெயர் ஒன்றுகூட வரக்கூடாது. அதுதான் முதல் விதி. “ஊரு பூரா அப்பன் பேரும் தாத்தன் பேரும்தான். இங்கயாச்சும் வேணாம்லா,” என்பார் தலைவி. எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன், உள்ளங்கை சிவக்கச் சிவக்க.

அந்த வருடம் எனக்குப் பதினோரு வயது. ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில், ரயில் பாதைக்கு முதுகு காட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவும் நானும் மட்டும். அப்பா ஜொகூரில். நிரந்தர விசா கிடைத்ததும் வந்துவிடுவார் என்று சாப்பாட்டு மேசையில் தினமும் ஒருமுறையாவது சொல்லிக்கொள்வோம். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவளுடைய விசா அந்த வேலையோடு கட்டிப்போட்டது. வேலை போனால் விசா போகும், விசா போனால் மூட்டை கட்டவேண்டியதுதான். அந்த இல்லத்தின் மேலாளர் வேறு யாருமல்ல, நம் தலைவி.

அம்மாவுக்குக் கிடைத்தது மத்தியான ஷிஃப்ட். நான் பள்ளியிலிருந்து வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை வீட்டில் தனியே விட்டால் இங்கே சட்டம் சும்மா விடாது. ஆக, எங்கள் விசா, அப்பாவின் வருகை, என் பள்ளிக்கூடம் எல்லாமே ஒரே ஆளை நம்பி நின்றன. பக்கத்து வீட்டு முதியவர்.

எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர். தனி ஆள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஃபீஜோவா என்ற பழச்செடி வேலி, அதில் ஒரு சந்து. நான் புத்தகப் பையோடு அந்தச் சந்தில் நுழைந்து அவர் கராஜுக்குப் போய்விடுவேன். மரத்தூள், ஆளிவிதை எண்ணெய், புல்வெட்டி பெட்ரோல் எல்லாம் கலந்த வாசம். இஞ்சி பிஸ்கட் டப்பா. திருகு உடைந்த ஒரு ரேடியோ. ரொட்டியில் பீன்ஸ் கொட்டித் தருவார், நான் வீட்டுப்பாடம் செய்வேன். நாங்கள் குடிவந்த அன்று அவர்தான் முதலில் வேலிக்கு வந்து, என்ன ஜனங்கள் நீங்கள் என்று கேட்டாராம். தமிழ் என்று அம்மா சொன்னாளாம். அவர் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனார். வெள்ளைக்காரருக்குப் பிடிக்கவில்லை போல என்று அம்மா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளி நிறையப் பழங்களோடு திரும்பி வந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம். பின்னால் ரயில் போனால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். சத்தத்தில் பேசினால் கேட்காது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ரயில் போய், கடவுப்பாதை மணியும் ஓய்ந்த பிறகும் சற்று நேரம் வாய் திறக்கமாட்டார். ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நகரத்துக்கு எப்போதும் பஸ்ஸில்தான் போவார். அவருடைய மூத்த அண்ணன் சிங்கப்பூரில் ஜப்பான்காரரிடம் பிடிபட்டு, சயாம் காட்டில் ரயில் பாதை போடப் போய், திரும்பி வராமல் போனவர். அதை எனக்கு ஒரே ஒருமுறை, வாரத்தின் வானிலையைச் சொல்வதுபோல் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பதினோரு வயதில் யாருக்குத் தெரியும்.

அந்த ஏப்ரலில் தலைவிக்கு ஒரு யோசனை வந்தது. பிரிட்டிஷ் பக்கம் போரிட்டுச் செத்த இந்நாட்டு வீரர்களை நினைக்கும் அன்சாக் நாள் விடியற்காலை வழிபாட்டில், நினைவுத் தூணுக்கு முன்னால், ஆக்லாந்துக்காரர்கள் கண்ணெதிரே நாம் அணிவகுக்கவேண்டும். ஒரு பெண் வழி சொல்லவேண்டும்.

“இவங்களுக்குப் போர்வீரன்னா உசுரு. நம்ம ஆளுங்களும் போர்வீரங்கதானே?” என்றார் தலைவி.

அம்மா பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். “அக்கா, அவங்க யாரோட சண்டை போட்டாங்கன்னு...”

“யாரோட போட்டா என்ன? விடுதலைக்குப் போட்டாங்க. இது சுதந்திர நாடு. ஒளிச்சு வெக்க நம்ம என்ன திருடியா? உங்க பக்கத்து வீட்டுக்காரர் அந்த முன்னாள் வீரர் கிளப்புல இருக்காருன்னியே. அவர்கிட்டக் கேளு. வழி உன் மகளே சொல்லட்டும். அவளுக்குத்தான் தமிழ் நாக்குல நிக்குது. என் மக சொன்னா சூப்பர்மார்க்கெட் அறிவிப்பு மாதிரி இருக்கு.”

தலைவியின் மகள் என் பக்கத்தில்தான் இருந்தாள். காதருகே குனிந்து, “Good luck,” என்றாள். பிறகு தமிழில், “உன் பூட்டி படையில சட்டி கழுவினவதானே?” என்றாள். பூட்டி என்பது பாட்டியின் அம்மா. நான் அவள் காலை மிதித்தேன். அவள் என் தொப்பிக் கம்பளியை அவிழ்த்தாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. மேலாளரிடம் முடியாது என்று சொல்ல முடியாதவளின் முகம் அது. அப்போது அவளுக்கு வயிற்று வலி என்று நினைத்தேன்.

வேலிச் சந்தில் நின்று அம்மா கேட்டாள். முதியவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வேலி அருகே வந்தார். “எந்தப் படைப்பிரிவு?” என்றார். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான். என் தலைக்குள் இப்போது அது தமிழிலேயே ஓடுகிறது.

“பர்மா பக்கம்,” என்றாள் அம்மா.

“பர்மா,” என்றார் அவர். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கீழே குனிந்து, விழுந்து கிடந்த பழங்களை முந்தானையில் பொறுக்கத் தொடங்கினாள். “சரி. நான் பேசுகிறேன்,” என்றார்.

மறுநாள் அவர் கிளப்புக்குத் தொலைபேசியில் பேசியதை நான் கராஜிலிருந்து கேட்டேன். நீண்ட நேரம் யாரோ மறுத்தார்கள் போலிருக்கிறது. கடைசியில் அவர் சொன்னார்: “நான் பொறுப்பு. அவர்களும் இழந்தவர்கள். அதையும் சொல்வார்கள்.”

நாங்கள் யாரை இழந்தோம் என்று எனக்குப் புரியவில்லை. பூட்டி படையிலிருந்து முழுசாகத் திரும்பி வந்து, பிள்ளை பெற்று, கிழவியாகித்தானே செத்தாள். வேறு யாரோடோ எங்களைக் குழப்பிக்கொண்டார் என்று முடிவு செய்தேன். பெரியவர்களைத் திருத்துவது மரியாதையில்லை என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஒத்திகை அவருடைய கராஜில் நடந்தது. நான் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்திலும் சொல்லவேண்டும். அவர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார். “தரையைப் பார்க்காதே. கடைசி வரிசை ஆளைப் பார்,” என்பார். “மூச்சு விட்டுவிட்டுச் சொல்.” பூட்டியின் பெயரை அவர் உச்சரிக்கப் பழகியதுதான் வேடிக்கை. நாக்கை மடித்து மடித்துப் பார்த்து, கடைசியில் நம் ஆட்களைவிடச் சுத்தமாகச் சொன்னார். மறுபடி ஒருநாள், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, “அவள் எந்தப் படைப்பிரிவு என்று அம்மா சொன்னாளா?” என்றார்.

நான் வீட்டில் கேட்டேன். “பர்மான்னு சொன்னேன்ல. போதும்,” என்றாள் அம்மா. சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “அவரு கேட்டா, தெரியாதுன்னு சொல்லு.”

“நெசமாவே எனக்குத் தெரியாதே.”

“அப்ப என்ன. சுலபம்தானே.”

பழங்கள் கொத்துக் கொத்தாக விழும் வாரம் அது. மிதித்தால் வழுக்கும். காற்று முழுக்க அந்த இனித்துப் புளித்த வாசம். அம்மா வேலிச் சந்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். என்னை விட்டுவிட்டு, கை காட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அவர் ஒவ்வொரு நாளும் வாசலுக்கு வந்து நிற்பார், ஏதோ சொல்லக் காத்திருப்பவர் மாதிரி. இல்லை, இப்போது சரியாகச் சொல்லத் தெரிகிறது: ஏதோ கேட்கக் காத்திருப்பவர் மாதிரி.

ஒருநாள் நான் வழியைத் தடங்கலில்லாமல் முடித்ததும் அவர் கை தட்டவில்லை. “உன் பூட்டிக்கு அண்ணன் தம்பி யாராவது இருந்தார்களா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியும் என்ற பெருமிதம். “அண்ணன்மார் சேர்த்தியில்லை,” என்றேன். “அது எங்கள் விதி.”

அப்போது பின்னால் ரயில் போனது. அது போய், மணி ஓய்ந்து, வெகுநேரம் கழித்துத்தான் அவர் எழுந்து டீக் கோப்பைகளைக் கழுவப் போனார்.

பதக்க விஷயமும் அங்கேதான் வந்தது. தன் அண்ணனின் பதக்கங்களை அவர் ஒரு புகையிலை டப்பாவில் வைத்திருந்தார். அன்சாக் நாளில் வலது மார்பில் குத்திக்கொள்வாராம். சொந்தமாகப் பெற்றவர்கள் இடது பக்கம், செத்த உறவுக்காக அணிபவர்கள் வலது பக்கம். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். “உங்கள் ஊசியும் வலது பக்கம் இருக்கட்டும். கிளப் ஆட்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்,” என்றார்.

நான் அதைக் கொண்டுபோய்த் தலைவியிடம் சொன்னேன். தலைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“முந்தானை எந்தத் தோளுல இருக்கு?”

“இடது.”

“ஊசி எதுக்கு?”

“முந்தானையப் பிடிக்க.”

“வலது பக்கம் குத்தினா அது எதைப் பிடிக்கும்? அவரு சட்டைய பிடிக்குமா?”

கராஜே சிரித்தது. ஊசி இடது தோளிலேயே இருந்தது.

அன்று விடியுமுன் தூறல். சேலைக்குள் தெர்மல், காலில் ஓட்டக் காலணி. நீங்கள் எல்லோரும் சளியை உறிஞ்சிக்கொண்டு நின்றீர்கள். நினைவுத் தூணைச் சுற்றி இருட்டில் தலைகள், தலைகள். யாரும் பேசவில்லை. அத்தனை பேர் கூடியிருந்தும் சத்தமில்லாமல் இருந்த கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கிழவர்கள் நகரும்போது பதக்கங்கள் மட்டும் சன்னமாகக் கிணுங்கின. நம் முதியவர் கோட்டும் டையும் போட்டு, வலது மார்பில் அண்ணனின் பதக்கங்களோடு முன் வரிசையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நம் வரிசையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். ஒவ்வொரு இடது தோளாக. பிறகு நம்மவரின் காதில் ஏதோ கேட்டார். நம்மவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவருக்காக நான் ஒன்று செய்தேன். யாரும் பார்க்காதபோது என் ஊசியைக் கழற்றி வலது பக்கம் ரவிக்கையில் குத்திக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். எங்களுக்குள் அது பெரிய சல்யூட்.

எக்காளம் ஊதி, மௌனம் முடிந்து, வழிபாட்டின் பின்பகுதியில் நம்மை அழைத்தார்கள். நான் முன்னால், என் தோளில் கை வைத்து அம்மா, பிறகு வெறும் இடங்கள், கடைசியில் தலைவி. தலைவிதான் முதலில் ஆங்கிலத்தில் அறிமுகம் சொன்னார். ஒளிக்கவில்லை. எங்கள் தாய்மார் பிரிட்டிஷ் பேரரசை இந்தியாவிலிருந்து விரட்ட ஆயுதம் எடுத்தார்கள் என்றார். அந்த ஆயுதத்தை ஜப்பான் கொடுத்தது என்றார். நாங்கள் அதற்கு வெட்கப்படவில்லை என்றார்.

கூட்டம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒருவர் இருமினார். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாள். “வெட்கம்,” என்று மெதுவாக, மிக மெதுவாக ஒரு ஆண் குரல் சொன்னது. ஒலிபெருக்கிக்காரர் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தொடங்கினேன். எனக்கு வேறென்ன தெரியும். என் பெயர், அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர். ஊசி இல்லாத முந்தானை வழுக்கி இறங்கத் தொடங்கியது. அம்மாவின் கை அதைத் தோளோடு அழுத்திப் பிடித்தது. பூட்டியின் பெயரைச் சொன்னேன். நீங்கள் காலைத் தரையில் அடித்தீர்கள். ஈரக் கான்கிரீட்டில் அந்தச் சத்தம் நாம் நினைத்ததைவிடப் பலமாக விழுந்தது.

முடிந்துவிட்டது. ஆனால் முதியவர் என்னைப் பார்க்கவில்லை, தலைவியையும் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. இன்னும் ஒரு வரி பாக்கி இருப்பதுபோல், அதற்காக நிற்பதுபோல். அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. வலித்தது. அவள் மூச்சை இழுப்பது முதுகில் தெரிந்தது. பிறகு அவள் திரும்பித் தலைவியைப் பார்த்தாள். விரல்கள் தளர்ந்தன.

ஒலிபெருக்கிக்காரர் அடுத்த பெயரைப் படித்தார். வழிபாடு முடிந்து எல்லோரும் டீக்கும் ஓட்ஸ் பிஸ்கட்டுக்கும் மண்டபத்துக்குள் போனார்கள். முதியவர் போகவில்லை. தூறலில் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். கிளப் ஆட்கள் யாரும் அவரோடு போகவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் சந்துக்குப் போனபோது அங்கே இரண்டு பலகை அறைந்திருந்தது. நேர்த்தியாக, ஆணிகள் ஒரே கோட்டில். அவர் வேலை எப்போதும் அப்படித்தான். அம்மாவிடம் வந்து, தனக்கு இனி முடியாது, வயதாகிவிட்டது என்று மட்டும் சொன்னாராம். எங்கள் பக்கம் விழுந்த பழங்களை யாரும் பொறுக்கவில்லை. அவை தோல் கறுத்து, உள்ளே கூழாகி, அந்த மாதம் முழுவதும் வீடெல்லாம் அந்த வாசம்.

அம்மா தலைவியிடம் போய் ஷிஃப்டை மாற்றச் சொல்லிக் கேட்டாள். நானும் கூட இருந்தேன். “எல்லாருக்கும் காலை ஷிஃப்ட் வேணும்னா எப்படிமா?” என்றார் தலைவி. அவர் கெட்டவர் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். என் கையில் ஒரு டப்பா முறுக்கு கொடுத்து அனுப்பினார். குளிர் காலம் தொடங்குமுன் அம்மாவுக்கு வேலை போயிற்று. விசா ஊசலாடியது. மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காதான், “ஓம், பிள்ளை எங்களோட இருக்கட்டும், நீங்கள் வேலையைத் தேடுங்கோ,” என்று தன் வீட்டின் ஓர் அறையைத் திறந்துவிட்டார். வேறோர் இல்லத்தில் அம்மாவுக்கு இடம் கிடைத்து, எல்லாம் புதிதாகத் தொடங்கி, அப்பா வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. விமான நிலையத்தில் அவர் என் உயரத்தைப் பார்த்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார். இன்றுவரை எங்களுக்குள் அந்தப் பெட்டி இருக்கிறது.

முதியவர் இறந்துவிட்டார். அந்த வீட்டை இடித்து ஒட்டு வீடுகள் கட்டிவிட்டார்கள். வேலியும் இல்லை. என் ஊசி அந்த இடமாற்றத்தில் எங்கோ போய்விட்டது.

அவர் ஏமாந்தார், அதனால் கோபித்துக்கொண்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எந்தப் பக்கத்துப் படை என்று தெரியாமல் எங்களுக்காகப் பேசி, கிளப்பில் பெயர் கெட்டுப்போன பாவப்பட்ட கிழவர். போன மாதம் சிறுமிகளுக்குப் பாடம் எடுக்க அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வெஸ்ட்கேட்டுக்கு ஓட்டிப்போனேன். ஹென்டர்சன் திருப்பத்தைத் தாண்டும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள்.

“நாம கெளம்புற அன்னைக்கு அவரு வாசலுக்கு வந்தாரு. ஒனக்குச் சொல்லல.”

“என்ன சொன்னாரு?”

“மொத நாளே தெரியும்னாரு. பர்மா பக்கம் தமிழ்ப் பெண்கள் படைன்னா அப்ப ஒண்ணுதான் இருந்துச்சாம். புஸ்தகத்துல படிச்சிருக்காரு.”

“தெரிஞ்சேதான் நமக்காகப் பேசினாரா?”

“ம்.” காரின் வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது. “தமிழுங்கிற வார்த்த அவருக்குச் சின்னப் பையனா இருக்கறப்பவே தெரியுமாம். அவங்க அண்ணன்கூட இருந்தவரு ஒருத்தரு திரும்பி வந்து அவங்கம்மாகிட்டச் சொன்னாராம். அந்த ரயில் பாதையில பக்கத்துக் கொட்டகையில தோட்டத்துத் தமிழாளுங்க காலராவுல கெடந்தாங்களாம். பொதைக்க ஆளில்ல. ஜப்பான்காரன் இவங்க அண்ணனையும் சில பேரையும் அனுப்பியிருக்கான். அந்த அண்ணனுக்கும் தொத்திக்கிச்சு.”

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

“எழுவது வருஷமா ஒரு பேரு தேடிக்கிட்டு இருந்தேன்னாரு. என் அண்ணன் பொதைச்சவங்கள்ல ஒருத்தன் பேராச்சும் தெரிஞ்சா போதும்னு. உங்க வழியில பேரு பேரா வருதே, அதுல வரும்னு நெனச்சேன்னாரு. கிளப்புலயும் அப்படிச் சொல்லித்தான் கேட்டாராம்.”

“நம்ம வீட்டுல யாராச்சும்...”

“எங்க பாட்டிக்கு ஒரு அண்ணன். அவரைத்தான் ஜப்பான்காரன் அந்த ரயில் பாதைக்குன்னு தோட்டத்துல மொதல்ல பிடிச்சிக்கிட்டுப் போனான். போனவரு போனவருதான். தனியா நின்ன பொண்ணு, படையில சேந்தா சோறு கெடைக்கும், யாரும் தொடமாட்டாங்கன்னு போயி சேந்துச்சு.” அம்மா கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தாள். “அண்ணனைக் கொண்டுபோனவன் குடுத்த துப்பாக்கி. அதை எப்படிடி அங்க நின்னு சொல்றது. அக்காவும் பின்னால நிக்கிறாங்க. வேல. விசா.”

“வாசல்ல நின்னாரே, அப்பவாச்சும் பேரைச் சொன்னியா?”

அம்மா இல்லையென்று தலையசைத்தாள். “அழுதுகிட்டு இருந்தேன். டாக்சிக்காரன் ஹார்ன் அடிச்சான்.”

பிறகு எனக்கு அந்தப் பெயரைச் சொன்னாள். தோட்டத்துக்குத் தோட்டம் நூறு பேருக்கு இருந்திருக்கும் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. முதலில் சொல்லவேண்டிய இடம் வேறு.

தலைவிக்கு இப்போது எழுபது. அதே கராஜ், அதே மூன்று கொடிகள், இன்னும் தீராத சண்டை. இந்த ஏப்ரலில் நினைவுத் தூணில் நமக்கு மறுபடி இடம் கிடைத்திருக்கிறது. “பழையபடியே செய்யலாம்,” என்று சொல்லிவிட்டார். ஊசி இடது பக்கம்தான். சிறுமிகள் வரிசையில் நின்று அவரவர் அம்மாக்களுக்குப் பின்னால் வெறும் இடங்களை அளந்துகொண்டிருந்தார்கள். காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சிரித்துக்கொண்டு. என் அம்மா கதவருகே நின்றாள். உள்ளே வரவில்லை.

நான் தலைவியின் அருகே போய் நின்றேன். உங்களில் யாராவது அன்று என் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆன்ட்டி, படைக்குப் போன உங்க அம்மாவுக்கு அண்ணன் தம்பி யாராச்சும் இருந்தாங்களா?”

விதியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கொடிகளுக்கு அப்பால், சுவரில் ஏதோ ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் முழுதாகப் போய் மணி ஓயும் நேரம் ஆயிற்று. வெஸ்ட்கேட்டில் ரயில் கிடையாது.

“ரெண்டு பேரு,” என்றார்.

“பேரு தெரியுமா?”

“தெரியும்.”

பிறகு சிறுமிகள் பக்கம் திரும்பினார். “இடுப்பை நேரா வெச்சு நில்லுங்கம்மா,” என்றார். “எங்க, முதல்லேருந்து.”